வாழையை எறிந்துவிடாதீர்கள்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்து மீண்டும் தோட்டத்தில் நடமாடத் தொடங்கிவிட்டீர்கள் என்று அறிந்து மகிழ்ந்தேன். இங்கே அனைவரும் நலம். குளிர்காலம் முழுவதும் நிலவறையில் மண்ணில்லாமல் வைத்திருந்த வாழைகள் சுருங்கிப் பழுப்பேறிக் கிடப்பதால், அவற்றைக் குப்பையில் போடப்போவதாக எழுதியிருந்தீர்கள். அதைத் தடுக்கத்தான் உடனே பதில் எழுதுகிறேன்.

நாம் தண்டு என்று சொல்லித் தூக்கிச் சுமப்பது, உண்மையில் ஒன்றையொன்று இறுகச் சுற்றிக்கொண்ட இலைமட்டைகளின் திரளே. மெய்யான தண்டு அடியிலுள்ள கிழங்குதான். குலை தள்ளும் பருவம் வரும்வரை குருத்தை உருவாக்கும் வளர்முனையும் அக்கிழங்கின் உச்சியிலேயே இருக்கிறது. ஆகவே மேற்பகுதி எவ்வளவு வாடியிருந்தாலும், கிழங்கை அழுத்திப் பார்த்த பிறகே முடிவெடுங்கள். கெட்டியாக இருந்தால் நம்பிக்கை உண்டு. விரல் உள்ளே இறங்கி நாற்றம் வீசினால், அந்தப் பகுதியைத் தயங்காமல் வெட்டி எடுத்துவிட வேண்டும். தண்டையும் மேலிருந்து மெல்லிய வில்லைகளாக நறுக்கிக்கொண்டே வந்து, நடுவில் வெண்மையும் ஈரமும் தெரியும் இடத்தில் கத்தியை நிறுத்துங்கள். காய்ந்து கறுத்த வேர்கள் மீண்டும் உயிர்பெறுவதில்லை. புதிய வேர்கள் கிழங்கிலிருந்தே புறப்படும் என்பதால் காய்ந்தவற்றைக் கழித்துவிடலாம்.

அடுத்த கட்டத்தில்தான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். மாதக்கணக்கில் தண்ணீரே காணாத செடி தாகத்தால் தவிக்கும் என்று எண்ணி, நட்டவுடன் தொட்டி நிரம்ப ஊற்றிவிடுகிறார்கள். வேரில்லாத கிழங்கால் அந்த நீரை உறிஞ்ச இயலாது. குளிர்ந்த ஈர மண்ணில் அது அழுகத்தான் செய்யும். என்னைக் கேட்டால், இந்த நேரத்தில் வாழைக்குத் தண்ணீரைவிட வெப்பமே முக்கியம். ஏறத்தாழ 14 டிகிரி செல்சியசுக்குக் கீழே அதன் வளர்ச்சி நின்றுவிடும். 25 டிகிரியைத் தாண்டிவிட்டாலோ அதன் வேகமே வேறு. கிழங்கு கொள்ளுமளவே உள்ள சிறு தொட்டியில், பெர்லைட் என்னும் எடையற்ற வெண்ணிறக் குருணையோ பருமணலோ தாராளமாகக் கலந்த மண்ணில் நட்டு, ஒருமுறை அளவாக நனைத்து, வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். மேல்மண் காய்ந்த பிறகே அடுத்த நீர்.

உயிர் திரும்புவதை அறிய இலைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நறுக்கிய பரப்பில் உள்வட்டம் வெளிவட்டத்தைவிடச் சற்று உயர்ந்து வந்தாலே போதும். முதலில் வரும் இலை பாதி வெட்டுண்டு, ஓரம் பழுப்பாக இருக்கும். அது கத்தியில் அகப்பட்ட பழைய குருத்தின் மிச்சம்தான். அதன்பின் நீரைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். உரத்தை மட்டும் இரண்டு மூன்று முழு இலைகள் விரியும்வரை தள்ளிப்போடுங்கள். உறைபனி அச்சம் முற்றிலும் நீங்கிய பிறகு வெளியே கொண்டுசெல்லும்போதும், முதலில் நிழல், பிறகு காலை வெயில் என்று பழக்க வேண்டும். வீட்டுக்குள் விரிந்த இலை நேர்வெயிலில் வெளுத்துக் கருகிவிடும்.

உங்களிடமுள்ள செந்நிற இலை கொண்ட என்செட்டே என்னும் வாழைக்குடும்பச் செடியைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். மற்றவற்றில் தாய்த்தண்டு அழுகிப்போனாலும் கிழங்கின் ஓரத்திலிருந்து ஒரு பக்கக்கன்றாவது கிளம்பக்கூடும். இதுவோ வாழையடி வாழையாகத் தழைக்கும் இனமல்ல. தானாகக் கன்று விடாது. இன்றே அதை நறுக்கிப் பார்த்து, நடுப்பகுதி வெண்மையாக இருந்ததா பழுப்பாக இருந்ததா என்று எழுதுங்கள். மேற்கொண்டு செய்ய வேண்டியதைப் பிறகு யோசிப்போம்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்