எங்கள் விண்ட்சர்ஃபிங் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

பொதுக்குழு முறைப்படி கூடியது. ஆயுத பூஜைக்குக் கொட்டகையைக் கழுவிப் பூசை போட்டோம். குடியரசு தினத்தன்று கொடியேற்றினோம். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காலத்தில் வடகடலிலும் (பாக் விரிகுடா), வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக் காலத்தில் தென்கடலிலும் (மன்னார் வளைகுடா) பயிற்சி நடந்தது. மன்னார் வளைகுடாத் தீவுகளில் கால் வைக்கக் கூடாது என்ற விதியை யாரும் மீறவில்லை.

இந்த ஆண்டின் முக்கியமான வேலை ஃபின் வேலை. ஃபின் என்பது, நாம் பாய் கட்டி ஓட்டும் பலகையான போர்டின் அடியில் பின்பக்கம் பொருத்தும், மீன் துடுப்பு போன்ற தகடு. மண்டபத்து வடகடலில் இடுப்பளவு தண்ணீர், அடியில் கடல்புல். போர்டோடு வந்த நீளமான நேர் ஃபினில் புல் சுற்றிக்கொண்டதும் போர்டு சட்டென நிற்கும், ஆள் முன்னால் போய் மாஸ்ட்டில் (பாயைத் தாங்கும் கம்பம்) மோதுவார். புதிதாக வந்த பிள்ளைகள் பலர் இதனாலேயே பயந்து நின்றுவிட்டார்கள். ஆகவே பின்னோக்கிச் சாய்ந்த குட்டை ஃபின்களை நாமே செய்வது என்று முடிவெடுத்தேன். மின்சாதன இன்சுலேஷனுக்கு விற்கும் கிளாஸ் எபாக்சி தகட்டை வெட்டி, முன்விளிம்பு உருண்டையாகவும் பின்விளிம்பு மெல்லியதாகவும் வரும்படி, தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்தோம். தேய்க்கத் தேய்க்கத் தகட்டின் அடுக்குகள் வளைகோடுகளாகத் தெரியும். இரு பக்கமும் கோடுகள் ஒத்திருந்தால் ஃபின் சரி. ஒரு பக்கம் விலகினால் போர்டு ஒரு பக்கமாக இழுக்கும். போர்டின் அடியில் ஃபினைச் சொருகும் குழியான ஃபின் பெட்டிக்குள் இறங்கும் பகுதியை எபாக்சியில் வார்த்தோம். காற்றை எதிர்த்து ஏறுவது சற்றுக் குறையும் என்பது உண்மை. ஆனால் புல் வழுக்கிக்கொண்டு போகிறது, பிள்ளைகள் விழுவதில்லை.

அந்தப் பணத்தில் ஃபாயில் (போர்டைத் தண்ணீருக்கு மேலே தூக்கும், அடியில் நீளும் இறக்கை) வாங்கியிருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஃபாயில் போர்டு வந்தது எனக்கும் தெரியும். ஃபாயிலுக்கு ஆழம் வேண்டும். நம் கடலில் புல்லையும் தரையையும்தான் உழும். 2023ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் நாட்டு வீரர் இபாத் அலி வெண்கலம் வென்றது ஃபின் போட்ட ஆர்எஸ்:எக்ஸ் என்ற போட்டி வகை போர்டில்தான்.

எபாக்சி ரெசினுக்கு ஏன் இவ்வளவு செலவு என்றும் கேள்வி வந்தது. வள்ளம் கட்டும் பட்டறையில் கிடைப்பது பாலியெஸ்டர் ரெசின். போர்டின் உள்ளே இருப்பது தெர்மாகோல். பாலியெஸ்டர் பட்டால் அது கரைந்து குழியாகிவிடும். இதில் சிக்கனம் பார்க்க இடமில்லை.

வருத்தமான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். பராமரிப்பு நாள் என்றால் வருவது அதே நாலைந்து பேர். மாஸ்ட்டின் இரண்டு துண்டுகளையும் மணலோடு சொருகிவிட்டுப் போகிறார்கள். இரண்டு துண்டும் இறுகி, பிரிக்க நாள் கணக்கில் பாடுபட வேண்டியிருக்கிறது. இணைப்பை ஒரு குவளைத் தண்ணீரில் கழுவிச் சொருகினால் போதும். ஒரு உறுப்பினர் போர்டின் காற்றுத் துளையை அடைக்கும் திருகை முடுக்காமலே கடலில் இறக்கினார்; உள்ளே புகுந்த தண்ணீர் இன்னும் முழுதாக வடியவில்லை. பாயைக் கரையில் போடும்போது மாஸ்ட் காற்றுப் பக்கம் இருக்கட்டும் என்று எத்தனை முறை சொல்வது? ஆடிக் காற்று பாயின் அடியில் புகுந்து தூக்கினால் பக்கத்தில் நிற்கும் குழந்தைக்குத்தான் ஆபத்து. பாய் கனக்கிறது என்பவர்கள் டவுன்ஹாலை (பாயைக் கீழ்நோக்கி இழுத்துக் கட்டும் கயிறு) இன்னும் இழுத்துப் பாருங்கள். பாயின் பின்விளிம்பு மேல்பகுதியில் தளர்ந்து காற்றை விடும். பாயைப் பின்நோக்கி இழுக்கும் கயிறான அவுட்ஹாலை மட்டும் இழுத்துப் பயனில்லை.

வரவு செலவு ஏறக்குறையச் சரிக்கட்டியிருக்கிறது. கணக்குப் புத்தகத்தைப் பொருளாளரிடம் பார்க்கலாம். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயர்களைத் தலைவர் கேட்டுக்கொண்டதால் இங்கே வாசிக்கவில்லை.

ஆபத்துக்கு வள்ளம் அனுப்பி உதவிய மீனவ அண்ணன்மார்களுக்கும், பட்டறை ஆசாரிக்கும், செயற்குழுவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பெரிய போர்டுகளில் கால்வார்களை (காலை நுழைத்து நிற்கும் பட்டைகள்)ப் பிள்ளைகளின் உயரத்துக்கு மாற்றிப் பொருத்தவும், குட்டிப் பாய்கள் வாங்கவும் எண்ணம். கச்சான் தொடங்குமுன் பாக்கிச் சந்தா வந்து சேர்ந்து, கொட்டகைச் சாவியைப் பொறுப்பேற்க இளைஞர் இருவர் முன்வந்தால் செய்துவிடலாம். இல்லையென்றால் பொறுப்பில் தொடர்வது பற்றி நான் யோசிக்க வேண்டியிருக்கும்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்