கடலைக் கொல்லையில் விழுந்த கல்: மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் ஒரு ராத்திரி வானத்தில் தீப்பந்தம் ஓடியதும், எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் தன் கடலைக் கொல்லையில் கிடந்த கறுப்புக் கல்லை மறுநாளே அலுவலகத்தில் ஒப்படைத்ததும் தாங்கள் அறிந்ததே.

அப்புறம் நடந்ததுதான் மனதை உறுத்துகிறது. போட்டோவில் பளிச்சென்று தெரியட்டும் என்று கல்லைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை ஒட்டிப் பார்த்தார்கள். பிறகு சாக்கில் சுற்றி ஜன்னலோரம் போட்டுவிட்டார்கள். சாரல் அடித்து இப்போது மேலெல்லாம் துருப்பொட்டு. எந்தக் கொல்லை, குழி எவ்வளவு ஆழம் என்று ஒரு வரி எழுதவில்லை; குழியும் உழவில் மூடிப்போயிற்று. பெரியவருக்கு ரசீதும் இல்லை. "வீட்டிலேயே வைத்திருக்கலாமோ" என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்ல?

அது விண்கல்தானா என்பதை ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஆய்வகம் பார்க்க வேண்டியதையே நாம் அழிக்கிறோம். பலமான காந்தம் பட்டால், பல நூறு கோடி ஆண்டுகளாகக் கல்லுக்குள் இருந்த காந்தப் பதிவு கலைந்துவிடும். புதிதாக விழுந்த கல் என்பதற்குச் சாட்சியான வனேடியம்-48 என்ற கதிரியக்க அணுக்கள் 16 நாளில் பாதியாகிவிடும். 2021 பிப்ரவரி 28 இரவு இங்கிலாந்தின் வின்ச்கோம்பில் விழுந்த கல்லை, மறுநாள் காலையே வீட்டுக்காரர்கள் வாசலிலிருந்து அள்ளிப் பத்திரப்படுத்தினார்கள். அது வந்த பாதையைக்கூடக் கேமராப் பதிவுகளை வைத்துக் கணக்கிட்டார்கள்.

நமக்கும் இது புதிதல்ல. 2008 செப்டம்பரில் சூளகிரியில் 100 கிலோவுக்கு மேல் விழுந்தது. 2016 பிப்ரவரியில் நாட்றம்பள்ளி அருகே பேருந்து ஓட்டுநர் ஒருவர் இறந்தபோதோ, சோதனைக்கு முன்பே விண்கல் என்று அறிவிப்பு வந்துவிட்டது. படங்களைப் பார்த்த நாசா, தரையில் நடந்த வெடிப்பாகத் தெரிகிறது என்றது. ரேஷன் அரிசி மூட்டை பிடிபட்டால்கூட மகஜர் எழுதுகிறோம். நாட்டின் அறிவுக்குச் சேர வேண்டிய பொருளுக்கு மட்டும் ஏன் ஒரு காகிதம்கூட இல்லை?

தாலுகாதோறும் ஒரு பக்க நடைமுறை வேண்டும்: கழுவாதே, காந்தம் வைக்காதே, விழுந்த இடத்தைக் குறி, ஈரம் படாமல் மூடி வை, கொடுத்தவருக்கு ரசீது கொடு, தாமதமின்றி இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு அனுப்பு. இவ்வளவுதான் கேட்கிறோம்.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்தருள்க. ஜன்னலோரம் கிடக்கும் கல்லை இந்த வாரமே ஆய்வுக்கு அனுப்பி, பெரியவர் கையில் ரசீது கிடைக்க உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஊர்க்காரன் ஒருவன்