ரெண்டாம் ஆட்டத்தில் காணாமல் போன பாட்டு: மாமாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாமாவுக்கு,

போன வாரம் போனில், "இப்ப வர்ற படமெல்லாம் ஒரே இழுவை கண்ணு, நானா இருந்தா பாதி ரீல ஓட்டியே இருக்க மாட்டேன்" என்றீர்கள். சரிங்க மாமா என்று வைத்துவிட்டேன். ஆனால் மனசு கேட்கவில்லை. இந்த இரண்டு மாதமாக, பனியன் கம்பெனியிலிருந்து வந்து சோறு தின்றதும் படம், இல்லையென்றால் தொடர் என்று உட்கார்ந்திருக்கிறேன். பலதும் பழையதுதான், எனக்கு இப்போதுதான் நேரம் வாய்த்தது. ஊர் படிக்கிற மாதிரி எழுதுவதற்குக் காரணம், உங்களைப் போலச் சொல்கிறவர்கள் கோபியிலிருந்து தாராபுரம் வரைக்கும் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள்.

முதலில் உங்கள் பழைய குற்றம் ஒன்றைக் கிளப்புகிறேன். டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தபோது, விடிகாலையில் தோட்டத்துக்கு முறைத்தண்ணி கட்டும் நாளென்றால் ரெண்டாம் ஆட்டத்தில் ஒரு பாட்டைக் காணாமல் ஆக்கிவிடுவீர்களாமே. அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். 1989இல் வந்த பொன்மனச் செல்வனையும் நீங்கள்தான் ஓட்டினீர்கள். 'நீ பொட்டு வெச்ச தங்கக் குடம்' அன்றைக்குத் தப்பியதா? ஏன் கேட்கிறேன் என்றால், லப்பர் பந்து படத்தில் அட்டகத்தி தினேஷ் மட்டையோடு இறங்கும்போது அந்தப் பாட்டைத்தான் போடுகிறார்கள். தியேட்டரே எழுந்து ஆடியது. நீங்கள் தண்ணிக்காக வெட்டியது முப்பத்தைந்து வருஷம் கழித்து ஒரு படத்தையே தூக்கி நிறுத்துகிறது, பாருங்கள்.

மெய்யழகனுக்கு வருகிறேன். முதல் வாரமே தியேட்டரில் பார்த்தேன். தம்பி பத்து நாள் கழித்துப் போனான். அதற்குள் 18 நிமிஷம் போலக் குறைத்துவிட்டார்கள். அவன் பார்த்தது ஒரு படம், நான் பார்த்தது ஒரு படம் என்று இன்னும் சண்டை. சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு ஒறம்பரையாக வந்த ஊரில், தன்மேல் உயிரையே வைத்திருக்கும் ஒருவனின், அதாவது கார்த்தியின், பெயர் தெரியாமல் ராத்திரி முழுக்க முழிக்கிறார் அரவிந்த்சாமி. அந்தச் சங்கடம் நமக்கும் ஒட்ட வேண்டுமென்றால் ராத்திரி நீளமாகத்தான் இருக்க வேண்டும். கல்யாண மேடையில் தங்கச்சிக்கு நகை போட்டுவிடும் இடத்தில் எனக்கு நம்ம பக்கத்துக் கல்யாணத்தில் அண்ணன் தங்கச்சி உறவுக்கென்று செய்யும் இணைச்சீர் ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது. கார்த்தி வாய் ஓயாமல் பேசுவது சில இடத்தில் அலுப்புதான், இல்லையென்று சொல்லவில்லை. இருந்தாலும் ஒரு நிமிஷம்கூடக் குறைத்திருக்க வேண்டாம் என்பதே என் கட்சி.

கொட்டுக்காளியை உங்களுக்குப் போட்டுக் காட்டப் பயம். பி.எஸ். வினோத்ராஜ் எடுத்தது. பின்னணி இசையே கிடையாது. ஆட்டோச் சத்தம், சேவல், ஆட்கள் பேசுவது, அவ்வளவுதான். பக்கத்தில் இருந்த உங்கள் மாப்பிள்ளை, "ஸ்பீக்கர் போயிருச்சா?" என்று எழுந்து ஒயரை ஆட்டிப் பார்த்தார். பேசவே பேசாத ஒரு பெண்ணைச் சாமியாடியிடம் கூட்டிக்கொண்டு போகிறார்கள், கதை அவ்வளவே. வழியில் காளை ஒன்று மறிக்கிறது. மீசை வைத்த ஆம்பளைகள் நின்று பார்க்க, ஒரு சின்னப் பிள்ளை வந்து அதைப் பிடித்துக்கொண்டு போகிறாள். உங்கள் கொட்டகையாக இருந்தால் அந்த நேரத்துக்குப் பாதிப் பேர் முறுக்கு வாங்கப் போயிருப்பார்கள். போகட்டும், எனக்குப் பிடித்தது.

சுழல் தொடரின் முதல் பாகம், 8 எபிசோட். தொடக்கம் அருமை. மயானக் கொள்ளைத் திருவிழாவைக் கதைக்குள் வைத்துப் பின்னியிருக்கிறார்கள். நடுவில் மட்டும் என் விரல் தானாக ஓட்டிவிட்டது. உங்கள் மருமகள்தானே!

ஆனால் நான் எழுத உட்கார்ந்ததே வீரப்பனுக்காக. 2023 ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸில் 'தி ஹண்ட் ஃபார் வீரப்பன்' என்ற ஆவணத் தொடர் 4 பாகமாக வந்தது. அதே வருஷம் டிசம்பரில் ஜீ5இல் 'கூச முனிசாமி வீரப்பன்'. முன்னது சுத்தமான வேலை, துப்பறியும் படம் போல ஓடுகிறது. பின்னது கொஞ்சம் சிதறல்தான். ஆனால் அதில் நக்கீரன் பத்திரிகை அன்றைக்குப் பதிவு செய்த டேப்பில் அந்த ஆளே உட்கார்ந்து பேசுகிறார். கையும் மீசையும் கண்ணும் சேர்ந்து கதை சொல்கின்றன. சினிமாவில் நம்ம கொங்குப் பேச்சு வந்தாலே சிரிப்புக்குத்தான். சதிலீலாவதியில் கோவை சரளாவும் கமலும் பேசியதை ரசித்தவள்தான் நானும். ஆனால் நம்ம பேச்சுக்குப் பக்கத்தில் வரும் ஒரு பேச்சை மணிக்கணக்கில், சிரிப்புக்காக இல்லாமல், திரையில் கேட்டது இதுதான் முதல் தடவை.

ஒரு இடத்தில் நானும் சிரித்துவிட்டேன். அப்புறம் 1993 பாலாறு கண்ணிவெடி வருகிறது. 22 பேர் செத்தார்கள். சிரித்ததற்கு வெட்கமாக இருந்தது. தன் கதையில் எதைச் சொல்லணும், எதை விடணும் என்று அந்த ஆளுக்கு உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது மாமா.

2000 ஜூலை 30 ராத்திரி தாளவாடி தொட்டகாஜனூரில் கன்னட நடிகர் ராஜ்குமாரைக் கடத்திய பிறகு 108 நாள் காட்டிலேயே வைத்திருந்தார். அப்போது நான் பள்ளிக்கூடத்தில். நீங்கள் ஆபரேட்டர் வேலையை விட்டு முட்டைக்கோஸ் லோடுக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள். திம்பம் மலைப்பாதையின் 27 வளைவையும் இறங்கி வீடு வந்து சேரும்வரை அத்தை வாசலிலேயே வெசனப்பட்டு நிற்கும். இரண்டு தொடரிலும் போலீஸ் அதிகாரிகளுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் நேரம் தாராளம். விசாரணை என்று இழுத்துப் போகப்பட்ட மலைக் கிராமத்து ஆட்கள் வாயைத் திறந்தால், அடுத்த காட்சிக்குப் போய்விடுகிற மாதிரியே எனக்குப் பட்டது. என் குறை அதுதான். அவர்கள் பேசி முடிக்கிறவரை கேமரா அங்கேயே நின்றிருக்கலாம். லாரி ஓட்டியவர்களை யாரும் கேட்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பொழுதோட தோட்டத்துக்கு வருகிறேன். டிவியில் போடுகிறேன், பாருங்கள். செக்போஸ்டில் உங்களை ஒரு ராத்திரி முழுக்க உட்கார வைத்ததை எப்போது கேட்டாலும் பாதியில் நிறுத்தி மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விடுகிறீர்கள். இந்தத் தடவை மாட்டுக்குத் தண்ணி நான் காட்டிவிட்டு வந்து உட்காருகிறேன். அத்தையைக் கச்சாயம் சுடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்,
திருப்பூர்