மை மிஸ்டர் பார்த்து முடித்தேன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். பொங்கலுக்கு வந்தபோது நீ போட்டுக் காட்டிவிட்டுப் போன கொரியத் தொடர் 'மை மிஸ்டர்', 16 பகுதியும் நேற்று ராத்திரி பார்த்து முடித்தேன். கீழே ஓடுகிற எழுத்தைப் படிக்க நிறுத்தி நிறுத்தித்தான் பார்க்க முடிந்தது.

முதலில் என்னை இழுத்தது கதாநாயகன் டோங்-ஹூனின் வேலை. பழைய கட்டடங்கள் இன்னும் தாங்குமா என்று சோதிக்கிற பொறியாளன். கட்டடம் என்பது வெளியே இருந்து அழுத்துகிற விசைக்கும் உள்ளே தாங்குகிற விசைக்கும் நடக்கிற சண்டை, வாழ்க்கையும் அதுதான் என்று அவன் அலுவலகத்தில் வேலை பார்க்கிற இளம்பெண் ஜி-ஆனிடம் சொல்கிறானே, எழுந்து உட்கார்ந்துவிட்டேன். சைட்டில் விரிசல் கண்டால் நாங்கள் அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதி வைப்போம். கண்ணாடி உடைந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். மேலே பூச்சு பூசி மறைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது, ஆனால் உள்ளே அது ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

டோங்-ஹூன் தன்மேல் பூச்சு பூசிக்கொண்டவன். மனைவிக்கு அவனுடைய முதலாளியோடு உறவு. அந்த முதலாளி கல்லூரியில் அவனுக்கு ஜூனியர். எல்லாம் தெரிந்த பிறகும் அம்மாவிடமோ அண்ணன் தம்பியிடமோ வாய் திறப்பதில்லை. குடும்பத்துக்காகத் தாங்குகிறோம் என்று நம்புகிறான். துறவியாகப் போன சிநேகிதன்தான் அதை உடைக்கிறான். உன் மகன்மேல் சுமத்த மாட்டாத வாழ்க்கையை உன்மேல் மட்டும் ஏன் சுமத்துகிறாய் என்று கேட்கிறான். அங்கே நிறுத்திவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து அந்த இடத்தையே மறுபடி பார்த்தேன்.

அதற்கப்புறமும் அவன் ஒரே நாளில் மாறிவிடுவதில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னைத் தானே பார்க்கத் தொடங்குகிறான். கடைசியில் ஆளில்லாத வீட்டில் உடைந்து அழுகிறான். நடுவயது ஆண் அப்படி அழுவதை எத்தனை தொடரில் காட்டியிருக்கிறார்கள்? பிறகு சொந்தமாக நிறுவனம் தொடங்கி, முகம் தெளிந்து நிற்கிறான். டோங்-ஹூனாக நடித்த லீ சன்-க்யுன் 2023 டிசம்பரில் இறந்துபோனார் என்பதை நினைத்தால் மனசு கனக்கிறது. என்ன குரல் அது!

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீ ஒன்பதாவது படிக்கும்போது ஒரு கான்டிராக்டர் எட்டு மாதம் எனக்குச் சம்பளம் தரவில்லை. அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. என்னப்பா ஆச்சு என்று நீ கேட்டாய், ஒன்றுமில்லை என்றேன். அதைத் தைரியம் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது நீ போனில் அதே தொனியில் "ஒண்ணுமில்லப்பா" என்கிறாய். அந்த வார்த்தையை என்னிடம்தான் கற்றுக்கொண்டிருக்கிறாய், கண்ணு.

வேலையில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. குரல் மட்டும் கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு உடனே அம்மாவிடம் கொடுத்துவிட மாட்டேன். நான் பேசுகிறேன்.

அன்புடன்,
அப்பா