வயிற்றைச் சுருக்கிய பின் வரும் அசதியும் குளுக்கோஸ் பாட்டிலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடல் பருமனுக்காக இரைப்பையைச் சுருக்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொள்வோர் பெரும்பாலும் இரண்டு, மூன்று நாளில் வீடு திரும்பிவிடுகிறார்கள். அதன்பின் வாரக்கணக்கில் அவர்களைப் படுத்துவது வலியைவிட அசதிதான். நாலு படி ஏறினால் உட்காரத் தோன்றும். குளித்துவிட்டு வந்தால் படுக்கத் தோன்றும். வீட்டில் உள்ளவர்கள் பதறிப்போய்ச் சத்துமாவுக் கஞ்சி காய்ச்சித் தருவார்கள். அதற்கும் தெம்பு வராவிட்டால் தெருமுனைக் கிளினிக்கில் ‘ஒரு பாட்டில் குளுக்கோஸ்’ ஏற்றிக்கொண்டு வருவார்கள். இந்தப் பாட்டில் பழக்கம் இவர்களுக்கு ஆபத்தாக முடியக்கூடும் என்பதால்தான் இந்தக் கடிதம். இத்தகைய நோயாளிகளின் உணவையும் மருந்தையும் கவனித்துவரும் உணவியலாளர்களும் செவிலியர்களும் சேர்ந்து எழுதுகிறோம்.

எந்த அசதி இயல்பானது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்கு வெட்டி எடுக்கப்படுகிறது. மிஞ்சுவது வாழைப்பழ வடிவில் ஒரு குழாய். இரைப்பையின் மேல்பகுதியைச் சிறு பையாக்கி, நேராகச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைக்கும் பைபாஸில் இரைப்பை இன்னும் சிறிதாகிறது; வழக்கமான முறையில் அது சுமார் 30 மி.லி. கொள்ளும் பை. சிறுகுடலின் தொடக்கப் பகுதியையும் உணவு தொடாமல் போகிறது. முதல் சில வாரங்களில் ஒரு நாளைக்கு உள்ளே செல்வது 400 முதல் 800 கலோரிதான். சேர்த்துவைத்த கொழுப்பை எரித்து ஓட உடல் பழகும்வரை கால் கனக்கும், தலை லேசாகச் சுற்றும். நாளுக்கு நாள் கொஞ்சமாவது தேறிவந்தால் பயப்பட வேண்டாம். தேறிய பிறகு மறுபடி அசதி கூடினாலோ, ஆறு வாரம் கடந்தும் அப்படியே இருந்தாலோ அதற்கென்று ஒரு காரணம் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் மாதத்தில் அந்தக் காரணம் பல சமயம் வெறும் தண்ணீர்தான். சொம்பைத் தூக்கி மடமடவென்று குடிக்க இனி முடியாது. குடித்தால் நெஞ்சில் அடைத்து வாந்தி வரும். அதற்குப் பயந்து குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள். சிறுநீர் அடர்மஞ்சளாக, நாளைக்கு மூன்று முறைக்கும் குறைவாகப் போனால் நீர் போதவில்லை என்று பொருள். இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 30 மி.லி., பத்து நிமிடத்துக்கு ஒருமுறை. இப்படி ஒன்பது மணி நேரம் உறிஞ்சினால் ஒன்றரை லிட்டர் தாண்டிவிடும். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் விட வேண்டும். உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. சோடா வகைகள் வேண்டாம். கரும்புச்சாறு, பழச்சாறு, குளுக்கோஸ் பொடி கரைத்த நீர் ஆகியவை தெம்பு தருவது போலத் தோன்றும். ஆனால் சர்க்கரை நேராகக் குடலில் இறங்கி, அரை மணிக்குள் வியர்வையும் படபடப்பும் வரும். சிலருக்கு, குறிப்பாகப் பைபாஸ் செய்து மாதங்கள் கழிந்தவர்களுக்கு, ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் இரத்தச் சர்க்கரை சரிந்து முன்னைவிட அதிகமாகத் துவண்டுபோவார்கள். அதற்கும் இனிப்பையே கொடுத்தால் அந்தச் சுழல் முடியாது.

பழைய மாத்திரைகளையும் பார்க்க வேண்டும். எடை குறையும் முன்பே, அறுவை முடிந்த சில நாளிலேயே சர்க்கரை இறங்கத் தொடங்கும். இரத்த அழுத்தமும் பின்னாலேயே இறங்கும். சர்க்கரைக்கான கிளிமிபிரைடு, இன்சுலின், அழுத்தத்துக்கான நீர் மாத்திரை ஆகியவற்றைப் பழைய அளவிலேயே தொடர்ந்தால் மயக்கம் வரத்தான் செய்யும். டாபாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரையில் இன்னொரு சிக்கல் உண்டு. சாப்பாடு குறைந்திருக்கும் வேளையில் இரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேர்ந்து, சர்க்கரை அளவு இயல்பாகக் காட்டும்போதே குமட்டலும் கடும் சோர்வும் வரும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். தினமும் சர்க்கரையும் அழுத்தமும் பார்த்து எழுதி, வாரம் ஒருமுறையாவது மருத்துவரிடம் காட்டி அளவை மாற்றிக்கொள்ளுங்கள்.

கஞ்சிக்கு வருவோம். அன்போடு காய்ச்சித் தருவதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அரிசிக் கஞ்சியிலும் பருப்புத் தண்ணீரிலும் புரதம் பெயருக்குத்தான் இருக்கிறது. ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் போகாவிட்டால் உடல் தன் தசையையே கரைத்துத் தின்னும். எடை இறங்குவதைப் பார்த்து மகிழும்போதே தொடையிலும் தோளிலும் பலம் போய்க்கொண்டிருக்கும். சைவம் சாப்பிடுகிறவருக்கு, மசித்த உணவு தொடங்கும் மூன்றாம் வாரத்தில், ஒரு கணக்கு இது: நாள் முழுக்கச் சிறுகச் சிறுக 600 மி.லி. கொழுப்பு நீக்கிய பாலில் சுமார் 20 கிராம், 60 கிராம் உதிர்த்த பன்னீரில் 11, கெட்டியாக மசித்த பருப்பு 100 கிராமில் 6, தயிர் 150 கிராமில் 5, வே புரதப் பொடி ஒரு கரண்டியில் 20க்கு மேல். கூட்டினால் 60ஐத் தாண்டும். முட்டை சாப்பிடுவோருக்கு ஒரு முட்டை 6 கிராம். தட்டில் முதலில் புரதம், கடைசியில் சோறு. அவசரமாக விழுங்கினால் அடைத்துக்கொண்டு வாந்தியாகும். ஒரு வேளைக்கு இருபது நிமிடமாவது ஆகட்டும்.

வாந்தி என்றதும்தான் குளுக்கோஸ் பாட்டில் வருகிறது. தையமின் எனும் வைட்டமின் பி1 நம் உடலில் இரண்டு, மூன்று வாரத்துக்கு மட்டுமே இருப்பு இருக்கும். அறுவைக்குப் பின் சரியாகச் சாப்பிடாமல், தினமும் வாந்தியும் எடுப்பவருக்கு அந்த இருப்பு சீக்கிரமே தீர்ந்துவிடும். குளுக்கோஸை எரிக்கத் தையமின் கட்டாயம் தேவை. காலியாகக் கிடக்கும் உடலில் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், மிச்சமிருந்த துளியும் செலவாகி மூளை பாதிக்கப்படும். பார்வை இரண்டு இரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். உடனே கவனிக்காவிட்டால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போய்விடலாம். ஆகவே தையமின் ஊசி முதலில், குளுக்கோஸ் பிறகு. குறைபாடு இருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே மருத்துவமனையில் 200 முதல் 500 மி.கி. வரை நரம்பு வழியாகக் கொடுப்பார்கள். பரிசோதனை முடிவுக்காகக் காத்திருப்பதில்லை. பாட்டிலில் மஞ்சளாகக் கலந்துவிடும் வைட்டமின் மருந்து அதற்கு ஈடாகாது. இவ்வளவுக்கும் அரை லிட்டர் 5 சதவீத குளுக்கோஸில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, அதாவது ஐந்தாறு தேக்கரண்டி! நீர் வறட்சிதான் பிரச்சினை என்றால் உப்புநீர் பாட்டில் ஏற்றலாம், தையமினோடு. வாந்தி இரண்டு நாளைத் தாண்டினால் தெருமுனைக்குப் போகாமல் அறுவை செய்த இடத்துக்கே போக வேண்டும்.

மூன்று மாதத்துக்குப் பின் வரும் அசதி வேறு ரகம். பைபாஸில் இரும்புச்சத்து உறிஞ்சப்படும் குடல் பகுதியே ஒதுக்கப்பட்டுவிடுகிறது. ஸ்லீவிலும் அமிலம் குறைவதால் இரும்பு சரியாகச் சேராது. மாதவிடாய் உள்ள பெண்களுக்கு நாளொன்றுக்கு 45 முதல் 60 மி.கி. எலிமெண்டல் இரும்பு (மாத்திரையின் மொத்த எடையல்ல, அதில் உள்ள இரும்பின் அளவு) வேண்டும். முருங்கைக்கீரை நல்லதுதான், ஆனால் மாத்திரையின் இடத்தை அது பிடிக்காது. இரும்பு மாத்திரையை எலுமிச்சை நீரோடு போடுங்கள். காபி, டீயை ஒரு மணி நேரமாவது தள்ளிவையுங்கள். கால்சியம் மாத்திரைக்கு இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். கால்சியத்தில் சிட்ரேட் வகையே ஏற்றது, ஏனென்றால் கார்பனேட் கரைய அமிலம் வேண்டும். மிட்டாய் போலச் சப்பும் வைட்டமின்களில் இரும்பு பெரும்பாலும் இருக்காது. பி12 தினமும் 350 முதல் 1000 மைக்ரோகிராம் மாத்திரையாகவோ, மாதம் 1000 மைக்ரோகிராம் ஊசியாகவோ தேவை. சர்க்கரைக்கான மெட்ஃபார்மினும், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பாண்டோபிரசோலும் நெடுநாள் சாப்பிடுவோருக்கு இந்தக் குறை சீக்கிரம் வரும். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்பதோடு திருப்தி அடையாதீர்கள்; அது இறங்கும் முன்பே, உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் காலியாகியிருக்கும். 3, 6, 12ஆம் மாதங்களிலும் பிறகு ஆண்டுதோறும் ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, தைராய்டு, அல்புமின் (இரத்தத்தில் உள்ள ஒரு புரதம்) பாருங்கள்.

நடை பற்றி ஒரு வார்த்தை. அசதி என்று படுத்தே கிடந்தால் அசதி கூடும், காலில் இரத்தம் உறையவும் வாய்ப்புண்டு. பத்து நிமிடமாக நாளைக்கு நாலைந்து தடவை நடந்தால் போதும். முதல் ஆறு வாரம் தண்ணீர்க் குடம் தூக்க வேண்டாம்.

ஓய்வில் இருக்கும்போதே நாடி நிமிடத்துக்கு 120ஐத் தாண்டுவது, காய்ச்சல், மூச்சு வாங்குவது, இடது தோளில் வலி, ஒரு கால் மட்டும் வீங்குவது: இவற்றில் ஒன்று அசதியோடு சேர்ந்தாலும் அன்றே, இரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்பிவிட வேண்டும். தையல் கசிவோ நுரையீரலில் உறைந்த இரத்தமோ இப்படித்தான் முதலில் தலைகாட்டும்.

மருத்துவமனைகளுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுக்கு அனுப்பும்போது ஆங்கிலத்தில் தரும் டிஸ்சார்ஜ் சம்மரியோடு, சட்டைப்பையில் அடங்கும் ஓர் அட்டையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்துக் கொடுங்கள். எந்த அறுவை, எந்தத் தேதி, அழைக்க வேண்டிய எண், அதன் கீழே தடித்த எழுத்தில் ஒரே வரி: “எனக்கு வாந்தியோ கடும் அசதியோ இருந்தால், குளுக்கோஸ் ஏற்றும் முன் தையமின் கொடுக்கவும்.”

இப்படிக்கு,
உடல் பருமன் அறுவைச் சிகிச்சை நோயாளிகளைப் பராமரிக்கும்
உணவியலாளர்கள், செவிலியர்கள் சிலர்
சென்னை