முதல் அழைப்பை எந்த மொழியில் எடுக்கிறீர்கள்?

வேல்ஸ் அரசின் குழந்தைகள் நலத் துறைக்கும், ஆறு வட்டாரப் பாதுகாப்பு வாரியங்களின் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

வேல்ஸின் தலைநகரான கார்டிஃபில் வாழ்ந்துகொண்டு, இந்நாட்டின் மொழியான வெல்ஷைத் தட்டுத்தடுமாறிக் கற்றுவரும் தமிழ் உரைபெயர்ப்பாளன் நான். ஒருவர் சொன்னதை இன்னொரு மொழிக்குச் சுமந்து செல்வதே என் பிழைப்பு என்பதால், வழியில் எதெல்லாம் சிந்திப்போகிறது என்பதை நன்கு அறிவேன். வேல்ஸில் வாழும் தமிழ்க் குடும்பங்களும் படிக்க வேண்டும் என்று இதைத் தமிழில் எழுதுகிறேன். உங்களுக்கு மொழிபெயர்ப்போடு அனுப்புவேன்.

என் கோரிக்கை ஒன்றுதான். ஒரு குழந்தைக்குத் தீங்கு நேர்கிறதோ என்று ஐயப்படும் எவரும், வேல்ஸின் எந்த மூலையிலிருந்தும், இரவு பகல் பாராமல் அழைக்கக்கூடிய ஒரே எண் வேண்டும். வெல்ஷில் பேசத் தொடங்குபவரின் அழைப்பை எடுப்பவர், அந்த அழைப்பு முடியும்வரை வெல்ஷிலேயே பேசக்கூடிய, குழந்தைப் பாதுகாப்பில் பயிற்சி பெற்ற ஒருவராக இருக்க வேண்டும்.

இதில் ஒரு பகுதி ஏற்கெனவே இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. இளையோருக்காக 2010-இல் தொடங்கப்பட்ட 'மைக்' உதவி எண் இரு மொழிகளிலும் இயங்குகிறது. குடும்ப வன்முறைக்கு 'அச்சமின்றி வாழ்' என்ற எண் இருக்கிறது. பிரிட்டன் முழுவதற்கும் பொதுவாக, குழந்தைகளுக்கு சைல்ட்லைனும், அக்கறை கொண்ட பெரியவர்களுக்கு என்எஸ்பிசிசி என்ற குழந்தைப் பாதுகாப்புத் தொண்டு அமைப்பின் உதவி எண்ணும் உள்ளன. ஆயினும் தகவலைப் பெற்று விசாரிக்க வேண்டிய சட்டப்பொறுப்பு உள்ளாட்சி மன்றங்களுடையது, அவை 22, ஒவ்வொன்றுக்கும் தனி எண், அலுவல் நேரம் முடிந்தால் வேறோர் எண். ஆசிரியருக்கும் மருத்துவருக்கும் எங்கே சொல்வதென்று தெரியும். சொல்ல வேண்டிய கடமையை அவர்களுடைய அமைப்புகள்மீது 2014-ஆம் ஆண்டின் சமூக சேவைகள், நல்வாழ்வுச் சட்டத்தின் 130-ஆம் பிரிவு சுமத்தியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கோ, பேரனின் முதுகில் தழும்பைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் தூங்காத பாட்டிக்கோ அப்படி எதுவும் தெரியாது. 2022 மார்ச் 21 முதல் வேல்ஸில் பிள்ளையை அடிப்பதற்கு 'நியாயமான தண்டனை' என்ற சட்டப் பாதுகாப்பு இல்லாமற்போனபின், 'இதையும் சொல்ல வேண்டுமா, சொன்னால் என் மகளை என்ன செய்வார்கள்' என்ற அரைகுறைக் கேள்வியோடு தொலைபேசியைக் கையில் எடுப்பவர்கள் இவர்களைப் போன்றவர்களே.

அந்தப் பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும்; வங்கிக்கும் மின்கட்டணத்துக்கும் போதுமான ஆங்கிலம் தாராளமாகவே தெரியும். 2021 கணக்கெடுப்பின்படி வெல்ஷ் பேசத் தெரிந்த சுமார் 5,38,000 பேரில், மழலைகளைத் தவிர்த்தால், கிட்டத்தட்ட அனைவரும் இருமொழியாளர்கள். ஆனால் சந்தேகத்தைச் சொல்லும் பேச்சு மின்கட்டணப் பேச்சு அல்ல. அது பாதியில் நின்றுபோகும், சுற்றி வளைக்கும், தன்னையே மறுக்கும். அந்நிய மொழியில் தயங்குபவரைப் பார்த்தால் மொழிக்குத் தடுமாறுகிறாரா, மனத்துக்குத் தடுமாறுகிறாரா என்று பிரித்தறிய முடியாது. குழந்தைப் பாதுகாப்பில் அந்த வேறுபாடுதான் முக்கியம். குவினெத் வட்டாரத்தில் மக்களில் 64 விழுக்காட்டினர் வெல்ஷ் பேசுகிறார்கள். அங்கே பள்ளிக்குப் போகும்வரை வெல்ஷைத் தவிர வேறொன்றும் பேசாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்படி ஒரு பிள்ளை தன் உடலுறுப்புக்குச் சொன்ன செல்லப்பெயரை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டிய கட்டாயம் வந்ததும், பாட்டி பிள்ளையின் சொல்லை விட்டுவிட்டுத் தன் ஊகத்தைச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்.

2011-ஆம் ஆண்டின் வெல்ஷ் மொழிச் சட்டமும் அதன்கீழ் வந்த மொழித் தரநிலைகளும் இதைக் கவனித்துக்கொள்ளும் என்ற எண்ணத்தில் நானும் இருந்தேன். உள்ளாட்சி மன்றங்களுக்கான தரநிலைகளைப் படித்தபோதுதான் ஒரு விலக்கு கண்ணில் பட்டது. வெல்ஷில் வரும் அழைப்பை வெல்ஷிலேயே நடத்த வேண்டும். ஆனால் குறிப்பிட்ட பொருளைக் கையாளக்கூடிய வெல்ஷ் தெரிந்த ஊழியர் இல்லாவிட்டால், வெல்ஷ் தெரியாத நிபுணருக்கு மாற்றிவிடலாம். நூலக அட்டையோ, குப்பை எடுக்கும் நாளோ என்றால் இது எவரையும் வருத்தாது. குழந்தைப் பாதுகாப்பிலோ நிபுணரிடம் போய்ச் சேரும் இடம்தான் அழைப்பின் உயிர்நாடி. ஆக, 'போரே டா' என்று வெல்ஷில் வணக்கம் கேட்கும், பெயரும் முகவரியும் வெல்ஷில் போகும், 'அவர் என்ன செய்தார்' என்ற இடத்துக்கு வந்ததும் மொழி மாறிவிடலாம். ஒருமுறை ஒரு பொது அலுவலகத்தை அழைத்து, பழகிக்கொள்ளும் ஆசையில் வெல்ஷுக்கான பொத்தானை அழுத்தினேன். நெடுநேரம் இசை கேட்டபின் ஓர் ஆங்கிலக் குரல் மன்னிப்புக் கேட்டது. எனக்கு நட்டமொன்றுமில்லை, கேட்க நினைத்தது வரி பற்றிய சின்ன ஐயம். வேறொன்றைச் சொல்ல வந்தவர் அந்த இசையின் நடுவிலேயே வைத்துவிடுவார்.

உரைபெயர்ப்பாளரை இணைத்துக்கொள்ளலாமே என்று சிலர் சொல்லக்கூடும். ஐவரி கோஸ்ட்டிலிருந்து வந்த பிரெஞ்சு பேசும் சிறுமி விக்டோரியா கிளிம்பியே 2000-இல் லண்டனில் கொடுமைக்குள்ளாகி எட்டு வயதில் இறந்தபின், லெய்மிங் பிரபு 2003-இல் அளித்த அறிக்கை, ஆங்கிலம் தாய்மொழியல்லாத குழந்தையிடம் பேச உரைபெயர்ப்பாளரைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றது. எங்களைப் போன்ற வந்தேறிகளுக்கு அது பெரிய காப்பு, என் தொழிலுக்கும் அதுவே அடிப்படை. வெல்ஷோ இந்நாட்டின் ஆட்சிமொழி; அதில் பேச இடையில் ஓர் உரைபெயர்ப்பாளர் தேவைப்படக் கூடாது. வேல்ஸின் நீதிமன்றத்தில் எந்தச் சாட்சியும் வெல்ஷில் பேசலாம் என்று 1993-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. வழக்கின் கடைசிப் படியில் உள்ள உரிமை முதற்படியான தொலைபேசியில் இல்லை என்பது எவ்வளவு வினோதம்!

இனி, இதில் உள்ள கடினமான ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். வெல்ஷ் பேசும் உலகம் சிறியது. ஒரே தேவாலயம், ஒரே பாடற்குழு, ஒரே ரக்பி மன்றம். 'நீங்கள் யார் மகள்' என்று கேட்டு இரண்டே கேள்வியில் வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பேச்சு வழக்கே ஊரைக் காட்டிக்கொடுக்கும்: பாட்டியை வடக்கே 'நைன்' என்பார்கள், தெற்கே 'மாம்கீ' என்பார்கள்; 'இப்போது' என்பதற்கான வடக்குச் சொல்லின் எழுத்துகளைத் திருப்பிப் போட்டால் தெற்குச் சொல் வந்துவிடும். ஆகவே சிலர் வெல்ஷ் வேண்டும் என்று மனத்தில் நினைத்தும், தெரிந்தவர் எடுத்துவிடுவாரோ என்ற அச்சத்தில் ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். அதைப் பார்த்து 'வெல்ஷுக்குத் தேவை குறைவு' என்று கணக்கெழுதிவிடாதீர்கள். வடக்கே ஆங்கில்சியிலிருந்து வரும் அழைப்பைத் தெற்கே கார்மார்த்தனில் இருப்பவர் எடுக்கட்டும் என்பதற்காகவே ஒரே தேசிய எண்ணைக் கேட்கிறேன். எடுப்பவருக்கு இரு வழக்குகளும் காதில் பழகியிருக்க வேண்டும். நம் 'நீ', 'நீங்கள்' போல வெல்ஷிலும் இருப்பதால், குழந்தையே பேசினால் எப்போது 'ட்டி', பாட்டியிடம் எப்போது 'ஹீ' என்ற நயமும் தெரிந்திருக்க வேண்டும்.

நெருக்கமான சமூகத்தில் வாய்திறப்பது எத்தனை கடினம் என்பதை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். ரீட்வெலனில் இருந்த வெல்ஷ்வழிப் பள்ளியில் நடந்த பாலியல் கொடுமைகளைக் குழந்தைகள் ஆணையர் பீட்டர் கிளார்க் விசாரித்து 2004-இல் வெளியிட்ட அறிக்கைக்கு 'க்ளியுக்' என்றே பெயர். 'கேளுங்கள்' என்று பொருள்.

பதிவேட்டைப் பற்றியும் ஒன்று: அழைத்தவர் வெல்ஷில் சொன்னதை வெல்ஷிலேயே எழுதி வையுங்கள், ஆங்கிலச் சுருக்கம் அதன் கீழே வரட்டும். இப்படிச் செய்தால், நீதிமன்றம்வரை போகும் வழக்கில் மூலச்சொல் எது என்று தேடி அலைய வேண்டியிருக்காது.

செலவைப் பற்றி நீட்டவில்லை. 22 மன்றங்களும் இரவுப் பணிக்குத் தனித்தனியே வெல்ஷ் தெரிந்த ஆட்களைத் தேடுவதைவிட, ஒரு குழுவை அமர்த்துவது எளிது என்பதற்குப் பெரிய கணக்கு வேண்டியதில்லை. கேட்காமலே வெல்ஷில் சேவையை முன்வைக்க வேண்டும் என்று 2012-இல் 'வெறும் சொற்களைவிட மேலானது' என்ற திட்டத்தில் அரசே சொன்னது. அந்தக் கொள்கையைத்தான் இரவு இரண்டு மணிக்கும் கடைப்பிடிக்கச் சொல்கிறேன்.

உங்கள் பதிலில் இரண்டு செய்திகளை எதிர்பார்க்கிறேன்: இப்போது 22 மன்றங்களில் எத்தனையில் நள்ளிரவு அழைப்பைத் தொடக்கம் முதல் முடிவுவரை வெல்ஷில் நடத்த முடிகிறது, கடந்த ஓராண்டில் வெல்ஷில் தொடங்கி ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்ட குழந்தைப் பாதுகாப்பு அழைப்புகள் எத்தனை.

பணிவுடன்,
கார்டிஃபில் வாழும் தமிழ் உரைபெயர்ப்பாளன்