செயலாளர் ஆண்டறிக்கை: புதிதாய் வருபவர் கையில் ஒரு வழக்கு

தலைவர் ஐயா அவர்களுக்கும், வந்திருக்கும் அம்மாமார், அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகளுக்கும் வணக்கம். பழைய குற்ற வழக்குகளை ஆவணங்களின் வழியே படிக்கும் நம் டர்பன் வட்டத்தின் கடந்த மார்ச் முதல் இந்தப் பிப்ரவரி வரையிலான அறிக்கையை அவை முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் சாட்ஸ்வொர்த்தில் வழக்கம்போல் நடந்தன. ஈஸ்டர் வார மவுண்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் திருவிழாவுக்காகவும் தைப்பூசக் காவடிக்காகவும் இரண்டு கூட்டங்கள் தள்ளிவைக்கப்பட்டன. டர்பன் பழைய நீதிமன்ற அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வந்தோம். 1947இல் ‘டர்பன் காசில்’ கப்பலில் நடந்த கொலை பற்றி ஒரு மாலை பேசப்பட்டது. தீபாவளி விருந்து நன்றாக நடந்தது.

ஆண்டின் மற்ற உழைப்பெல்லாம் புது உறுப்பினர் திட்டத்துக்கே போனது. அதனால் அதைப் பற்றி விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். போன ஆண்டுக் கூட்டத்திலேயே “இது தேவையா?” என்று கேட்டவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கும் இதில் பதில் இருக்கிறது.

நம்மிடம் வருகிறவர்கள் ஆர்வம் இல்லாமல் வருவதில்லை. வந்த முதல் நாள் தேநீரும் முறுக்கும் கிடைக்கின்றன. பிறகு மூத்தவர்கள் தங்களுக்குள் பெட்டி எண்ணும் கோப்பு எண்ணுமாகப் பேசிக்கொள்கிறார்கள். புதியவர் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறார். மூன்றாவது மாதம் அவர் வருவதில்லை. கையில் செய்வதற்கு ஒரு வேலையும், கேட்பதற்கு ஓர் ஆளும் இல்லாததுதான் காரணம். அந்த இரண்டையும் முதல் நாளே கொடுப்பதுதான் திட்டம். முதல் மாதம் ஒரு வழக்கு, இரண்டாம் மாதம் இன்னொரு வழக்கு, மூன்றாம் மாதம் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் ஒரு பெட்டி. மூன்று மாதமும் கூடவே ஒரு மூத்த உறுப்பினர் துணை.

முதல் வழக்கு, கணவர்களுக்கும் மகனுக்கும் விஷம் வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட டெய்சி டி மெல்கருடையது. இந்த நாட்டில் பெயர் தெரியாதவர் குறைவு, ஆனால் தெரிந்ததாக நினைப்பதில் பாதி வதந்தி. அதனாலேயே தொடக்கத்துக்கு அது ஏற்றது. முதல் கணவர் வில்லியம் கவுல் 1923 ஜனவரியிலும், இரண்டாம் கணவர் ராபர்ட் ஸ்ப்ரோட் 1927 நவம்பரிலும், மகன் ரோட்ஸ் 1932 மார்ச் 5ஆம் தேதியும் இறந்தார்கள். ஸ்ப்ரோட்டின் உடன்பிறந்தவர் சந்தேகம் கிளப்ப, ஏப்ரலில் மூன்று உடல்களும் தோண்டி எடுக்கப்பட்டன. கணவர்களின் முதுகெலும்பில் ஸ்ட்ரிக்னைன் என்ற விஷத்தின் தடயமும், மகனின் உடலில் ஆர்சனிக்கும் இருந்தன. ரோட்ஸின் காபியில் கொஞ்சம் குடித்துப் பிழைத்த சக தொழிலாளியின் முடியிலும் நகத்திலும்கூட ஆர்சனிக் இருந்தது. ஆர்சனிக் முடியிலும் நகத்திலும் போய்த் தங்கும். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும் என்பதால், வேரிலிருந்து எவ்வளவு தொலைவில் விஷம் இருக்கிறது என்பதை வைத்து அது எப்போது உடலுக்குள் போனது என்று கணக்கிட முடியும். புதைத்த உடல் என்றால் கல்லறை மண்ணையும் சோதிக்க வேண்டும், ஏனென்றால் சில இடங்களில் மண்ணிலேயே ஆர்சனிக் உண்டு. இவை புதியவருக்கு முதல் நாளே விளக்கப்படுகின்றன.

பிறகு அவரிடம் ஒரு தாளைக் கொடுத்து மூன்று பத்திகள் பிரிக்கச் சொல்கிறோம்: சத்தியம் செய்து சொன்னது, பத்திரிகை எழுதியது, வாய்வழிப் பேச்சு. வழக்கின் ஒவ்வொரு தகவலும் எந்தப் பத்தியில் சேரும் என்று அவரே எழுத வேண்டும். டர்ஃபொன்டெயின் மருந்துக் கடைக்காரர் விஷயத்தில் எல்லோருமே தயங்குவார்கள். பத்திரிகையில் படத்தைப் பார்த்துத்தான் அவர் டெய்சியை அடையாளம் கண்டார். தன் கடையில் ஆர்சனிக் வாங்கி, விஷப் பதிவேட்டில் பழைய கணவர் பெயரோடு ஸ்ப்ரோட் என்று கையெழுத்திட்டவர் டெய்சிதான் என்று காவல்துறையிடம் போய்ச் சொன்னார். பத்திரிகையில் தொடங்கிய தகவல் சாட்சிக் கூண்டில் ஏறியபின் முதல் பத்திக்கு வருகிறது. தன் மற்ற நான்கு பிள்ளைகளையும் டெய்சியே கொன்றார் என்ற பேச்சு மூன்றாம் பத்தியிலேயே நிற்கும். கவுலுக்குப் பிறந்த ஐவரில் நால்வர் இறந்தது உண்மை, ஆனால் அதற்காக அவர் மீது குற்றச்சாட்டு எதுவும் வைக்கப்படவில்லை.

தாள் நிரம்பியபின்தான் தீர்ப்பைக் காட்டுகிறோம். ஜூரி இல்லாமல் நீதிபதி கிரீன்பர்க்கும், அவருக்குத் துணையாக உட்கார்ந்த இரண்டு அசெசர்களும் விசாரித்த வழக்கு அது. கணவர்கள் ஸ்ட்ரிக்னைனால்தான் இறந்தார்கள் என்பதை அரசுத் தரப்பு ஐயமற நிரூபிக்கவில்லை என்று நீதிபதி அந்த இரண்டு கொலைகளையும் ஒதுக்கினார். மகன் கொலை ஒன்றுக்கே தண்டனை. 1932 டிசம்பர் 30ஆம் தேதி பிரிட்டோரியாவில் தூக்கு. மூன்று கொலைக்காகத் தூக்கிலிட்டார்கள் என்று நம்பி வந்தவர், எலும்பில் விஷம் இருந்தும் குற்றம் நிரூபணம் ஆகவில்லை என்பதைத் தன் தாளை வைத்தே ஒப்பிட்டுப் பார்க்கிறார். இந்த ஒரு மணி நேரத்தைத் தாண்டியவர்கள் அநேகமாக நம்மோடு தங்கிவிடுகிறார்கள்.

சத்தியம் செய்து சொன்னதெல்லாம் உண்மை என்று அவர் முடிவுகட்டி விடக்கூடாது என்பதற்காக இரண்டாம் மாதம், நிறவெறி ஆட்சியை எதிர்த்துக் காவலில் இறந்த அகமது திமோலின் மரண விசாரணை. 1971 அக்டோபர் 27ஆம் தேதி ஜோகன்னஸ்பர்க் ஜான் வோர்ஸ்டர் சதுக்கக் காவல் நிலையத்தின் பத்தாவது மாடியிலிருந்து குதித்தார் என்று காவல்துறை சொன்னது. 1972இல் மாஜிஸ்திரேட் தற்கொலை என்று முடித்தார். குடும்பம் விடவில்லை. விசாரணை மறுபடி திறக்கப்பட்டு, 2017 அக்டோபர் 12ஆம் தேதி நீதிபதி மோத்லே அது கொலை என்று தீர்ப்பளித்தார். விழுவதற்கு முன்பே உடலில் பட்டிருந்த காயங்கள் மருத்துவச் சான்றாக முன்வைக்கப்பட்டன. 1972இலும் சாட்சிகள் சத்தியம் செய்துதான் பேசினார்கள். யார் சொன்னது, அப்படிச் சொல்வதில் அவருக்கு என்ன லாபம், உடல் அதற்கு ஒத்துப்போகிறதா என்ற மூன்று கேள்விகளைப் புதியவர் அன்றிலிருந்து தாளின் ஓரத்தில் எழுதப் பழகுகிறார்.

மூன்றாம் மாதம் மாரிட்ஸ்பர்க். டர்பன் அடங்கிய பழைய நேட்டால் மாகாணத்தின் கோப்புகள் அங்கேதான், இங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர். இருபது ஆண்டு கடந்த அரசு ஆவணங்களைப் பார்க்க 1996ஆம் ஆண்டின் 43ஆம் எண் சட்டம் எல்லோருக்கும் உரிமை கொடுக்கிறது. கிளம்புவதற்கு முன் தேசிய ஆவணக் காப்பகத்தின் தேடுபட்டியலில் நேட்டாலுக்குரிய பகுதியைத் தேர்ந்து பெயரைத் தேட வேண்டும். காப்பகம், மூலம், தொகுதி எண், குறிப்பு எண் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். தொகுதி எண் இல்லாமல் போனால் பெட்டி வராது, பகல் முழுவதும் வீண். உயர் நீதிமன்றக் கோப்பு ‘ஆர்.எஸ்.சி’, அட்டர்னி ஜெனரல் கோப்பு ‘ஏ.ஜி.ஓ’, இந்தியக் குடியேற்றக் கோப்பு ‘ஐ.ஐ’ என்று இருக்கும். ஒரே வழக்கின் தாள்கள் இந்த மூன்றிலும் சிதறிக் கிடக்கலாம்.

நம்மவர் பெயர்களில்தான் தேடல் அதிகம் சறுக்குகிறது. முனிசாமி என்ற ஒரே ஆள் மூன்சாமி, மூனுசாமி, முனியசாமி என்று வெவ்வேறு தாளில் வெவ்வேறாக இருப்பார். சாட்சி கைநாட்டோ பெருக்கல் குறியோ போட்டிருந்தால் பக்கத்தில் உள்ள எழுத்து குமாஸ்தாவுடையது. அதை நம்பி இரண்டு ஆளாக எண்ணிவிடக்கூடாது. ஒப்பந்தத் தொழிலாளர் என்றால் குடியேற்ற எண்ணைப் பிடியுங்கள். கப்பல் பட்டியலில் அந்த எண்ணோடு தந்தை பெயர், ஊர், தாலுகா, வயது எல்லாம் இருக்கும். பெயர் மாறினாலும் எண் மாறாது. இங்கேயே பிறந்தவருக்கு அந்த எண் கிடையாது. அவருக்கு, இறந்தபின் சொத்துக்காகத் திறக்கப்படும் வாரிசுக் கோப்பில் உள்ள இறப்பு அறிவிப்பைத் தேட வேண்டும், அதில் பெற்றோர் பெயர் வரும். தேடுபட்டியலில் பெரும்பாலும் குற்றம் சாட்டப்பட்டவர் பெயர்தான் இருக்கும். இறந்தவர் பெயரை மட்டும் வைத்துத் தேடிவிட்டு “கோப்பு இல்லை” என்று சொல்லும் புதியவரைத் திருப்பி அனுப்புவதும் துணையின் வேலை.

பெட்டி வந்ததும் முதலில் உறையைப் படம் எடுக்க வேண்டும், எண் தெரியும்படி. ஃபிளாஷ் கூடாது, பேனா கூடாது, பென்சில் மட்டும். வெற்றுப் பின்பக்கத்தையும் எடுங்கள், ஏனென்றால் மாஜிஸ்திரேட்டின் குறிப்பு பல நேரம் அங்கேதான் கிடக்கும். முதலில் படிக்க வேண்டியது மாஜிஸ்திரேட் நடத்திய முன்விசாரணை வாக்குமூலங்களும் மாவட்ட மருத்துவரின் பிணப் பரிசோதனையும். தீர்ப்பைக் கடைசியில் படியுங்கள், இல்லாவிட்டால் அதன் கண்ணாலேயே மற்றதைப் பார்ப்பீர்கள். பணம் பவுண்டு, ஷில்லிங், பென்ஸ் கணக்கில் இருக்கும். 1961இல் ரேண்ட் வந்தபோது ஒரு பவுண்டுக்கு இரண்டு ரேண்ட் என்பது மாற்று விகிதம், ஆனால் அதை வைத்து இன்றைய மதிப்பைச் சொல்லிவிட முடியாது. முகவரிகளும் அப்படியே: கிரே தெரு இன்று டாக்டர் யூசுஃப் டாடூ தெரு, பிரின்ஸ் எட்வர்டு தெரு டாக்டர் கூணம் தெரு. இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டம் மக்களைக் காலி செய்துவிட்ட கேட்டோ மேனர் முகவரி என்றால் பழைய வரைபடம் இல்லாமல் இடத்தைக் குறிக்க வேண்டாம்.

இன்னொன்றையும் எல்லாப் புதியவரிடமும் முதல் நாளே சொல்கிறோம், இனியும் சொல்வோம். ஐம்பது ஆண்டுக்குள் நடந்த வழக்கை வட்டம் எடுக்காது. அதற்கு முந்தையதிலும் வாரிசுகள் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ நம் பக்கத்து வீட்டில் இருக்கலாம். இறந்தவருடைய பெயரைக் கொன்றவருடைய பெயரைவிடக் குறைவாகச் சொல்லும் கட்டுரையை நாம் வாசிக்க அனுமதிப்பதில்லை.

இனி வருத்தத்தோடு சொல்ல வேண்டியது. துணையாக இருக்கிறேன் என்று பெயர் கொடுத்த மூத்தவர்களில் பலர் சொன்ன நாளில் வரவில்லை. புதியவர்கள் நிரப்பிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு மண்டப வாசலில் காத்திருந்தார்கள். அவர்களுடைய தாளைத் திருத்த ஆள் இல்லாமல், தலைவரும் இரண்டு அக்காமாரும் நானும் மாறி மாறி உட்கார்ந்தோம். வேலை இருக்கும், பேரப்பிள்ளைகள் இருப்பார்கள், ஒப்புக்கொள்கிறேன். வர முடியாது என்று முந்தின நாள் ஒரு சொல் சொல்லியிருந்தால் மாற்று ஏற்பாடு செய்திருப்போம். இருபது வருஷம் கோப்பு படித்தவர்கள் தாங்கள் கற்றதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டால், புதியவர் நான்கு நாளில் கற்பதற்கு நான்கு ஆண்டு ஆகும்.

கணக்கைப் பொருளாளர் வைத்திருக்கிறார், விரும்புகிறவர்கள் பார்க்கலாம். சுருக்கமாகச் சொன்னால், வரவும் செலவும் ஏறக்குறைய சமமாக நிற்கின்றன, கையிருப்பு போன ஆண்டைவிடக் குறைவு. மாரிட்ஸ்பர்க் காம்பி (சிறு வேன்) வாடகையும் நகல் செலவும்தான் பெரியவை. சந்தா பாக்கி கணிசமாக இருக்கிறது. கட்டாதவர்களில் பெரும்பாலோர் பழைய உறுப்பினர்கள். புதியவர்கள் சேர்ந்த அன்றே கட்டியிருக்கிறார்கள்.

மண்டபம் கொடுத்தவர்களுக்கும், விருந்துக்குச் சமைத்த அம்மாமாருக்கும், காப்பகத்தில் பெட்டி எடுத்துத் தந்த ஊழியர்களுக்கும், பொருளாளருக்கும் வட்டத்தின் நன்றி.

வரும் ஆண்டு இந்தத் திட்டம் தொடர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வெளிப்படையாகச் சொல்கிறேன்: இப்போது இருக்கும் கைகள் போதாது. மாரிட்ஸ்பர்க்குக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கார் ஓட்டக்கூடிய இருவர் வேண்டும். துணையாக நிற்க ஐவர் வேண்டும், சொன்ன நாளில் வரக்கூடிய ஐவர். ஆட்கள் கிடைக்காவிட்டால் மார்ச் மாதம் சேர விரும்பும் புதியவர்களைக் காத்திருக்கச் சொல்லும்படி ஆகும். அவர்களில் ஒருவர் தன் கொள்ளுத்தாத்தாவின் குடியேற்ற எண்ணை ஏற்கெனவே கண்டுபிடித்து எழுதி அனுப்பியிருக்கிறார். அவருக்கு ஒரு துணை முதலில் வேண்டும். பதிவேடு வாசல் மேசையில் திறந்திருக்கிறது. சந்தாப் புத்தகமும் அங்கேயே.

வணக்கத்துடன்,
செயலாளர்